எலுமிச்சை தோன்றியபின் பேய் வராது

15 செப்டம்பர், திங்கள்

இக்குறிப்பேடு முற்றிலும் பணி நிமித்தமானது. தனிப்பட்ட உணர்ச்சிகளுக்கு இதில் இடமில்லை. பின்னாளில் எவரேனும் "எப்போது பார்த்தீர், எத்தனை முறை பார்த்தீர்" என்று வினவினால், நாள் கிழமை மணியுடன் விடையளிக்க வேண்டும் என்பதே நோக்கம்.

பதினெட்டு ஆண்டுகள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்காடியபின், கடந்த சூன் மாதம் முதல் பீளமேட்டிலுள்ள இக்கணினி விளையாட்டு நிறுவனத்தின் சட்ட ஆலோசகராக இருக்கிறேன். வழக்காடுவதைக் கைவிட்டதற்குக் காரணம், என் குரல் உயர மறுத்ததே. "சென்னியப்பன், நீங்க சொல்றது உங்க சட்டைக்காவது கேக்குதா?" என்று நீதிபதி ஒருவர் கேட்டது இன்னும் நினைவிலுள்ளது.

இன்று புதிய கோப்பு ஒன்று ஒப்படைக்கப்பட்டது. ஆட்டத்தின் பெயர் "பாழ் பங்களா". ஐந்து சுழல்கள், பொத்தானை அழுத்தினால் அவை சுழன்று நிற்கும். ஆந்தை, மண்டையோடு, துருப்பிடித்த பூட்டு, ஒற்றைச் செருப்பு, எலுமிச்சை, வெள்ளைப் புடவைப் பேய் ஆகியவை சின்னங்கள். மூன்று பேய்கள் ஒருங்கே நின்றால் திரை இருண்டு, காலடி ஓசை கேட்டு, கதவு திறந்து, பேய் அலறும். அதன்பின் பத்துச் சுழற்சிகள் இலவசம். வெளிநாட்டவரின் பேய்த் திருநாளான அக்டோபர் 31 அன்று வெளிநாடுகளில் வெளியிடப்படும். உண்மைப் பணம் இதில் இல்லை. காசுகள் யாவும் கற்பனைக் காசுகள். வாங்கவும் இயலாது, விற்கவும் இயலாது. இந்நிபந்தனையின் பேரிலேயே கோப்பைத் தொட்டேன்.

விதிப்புத்தகம் எழுதுவது என் பொறுப்பு. இரண்டு கட்டளைகளைச் சுற்றறிக்கையாக அனுப்பினேன். ஒன்று: விதிப்புத்தகத்தில் எழுதியது எழுதியபடியே நிரலாக வேண்டும், நிரலாளர் எதையும் ஊகித்துச் சேர்க்கலாகாது. இரண்டு: ஆய்வு நோக்கமின்றிப் பணியாளர் எவரும் ஆடலாகாது, ஆய்வுக்கும் நாளொன்றுக்கு இருபது சுழற்சிகளே உச்சவரம்பு.

சலவைக்கு ஆறு சட்டைகள் கொடுத்தேன்.

16 செப்டம்பர், செவ்வாய்

ஆய்வு நிமித்தம் இருபது சுழற்சிகள். பேய் வரவில்லை.

18 செப்டம்பர், வியாழன்

பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடத்தில் அலுவலகத்தின் உள்ளிருந்து ஒரு பெண்ணின் அலறல் எழுந்தது. நான் மேசைக்கடியில் இருந்தேன் என்று நிரலாளர் ரிஸ்வானா கூறுவது மிகை. பேனா விழுந்ததால் குனிந்தேன்.

எங்கள் அலுவலகம் இரண்டாம் மாடி. தரைத்தளத்தில் மயில்சாமி என்பவரின் வெட் கிரைண்டர் கடை. அலறல் எழுந்த முப்பதாவது நொடியில், கையில் கிரைண்டர் குழவியுடன் மயில்சாமி எங்கள் வாயிலில் நின்றார்.

"யாருங்க அது? எவன் கை வெச்சான்?"

மெத்தைகளால் மூடப்பட்ட சிறிய ஒலிப்பதிவு அறையின் கதவு திறந்தது. முப்பத்தெட்டு வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர், காதிலிருந்த ஒலிகேட்பிகளைக் கழற்றியவாறு வெளியே வந்தார்.

"நாந்தானுங்ணா. பேய்க்கு டப்பிங். நல்லா இருந்துச்சுங்களா?"

"நல்லா இருந்துச்சாவா? அங்க மாவாட்ட வந்த அம்மா கிரைண்டர உட்டுப்போட்டு பஸ் ஏறிருச்சு கண்ணு!"

அப்பெண்மணியின் பெயர் பூங்கோதை. ஒலியமைப்பாளர், அக்டோபர் 31 வரை ஒப்பந்தம். பேயின் குரலும் அவருடையதே. வயது மதிக்கத்தக்கது என்று எழுதியது பிழை, முப்பத்தெட்டுதான். பணியாளர் கோப்பில் கண்டேன். மணமுறிவு பெற்று நான்கு ஆண்டுகள். கோப்பைப் பணி நிமித்தமே திறந்தேன்.

மாலையில் கீழ்த்தளப் படிக்கட்டில் ஒட்டுவதற்கு அறிவிப்பு ஒன்றை வரைந்தேன்: "பிற்பகல் மூன்று முதல் நான்கு வரை இக்கட்டடத்தில் அலறல் நடைபெறும். பொதுமக்கள் அஞ்ச வேண்டாம். உண்மையான ஆபத்து ஏற்படின் வேறு நேரத்தில் அலறப்படும்."

22 செப்டம்பர், திங்கள்

பேயின் எலும்பு நொறுங்கும் ஓசைக்கு முருங்கைக்காய் ஒடிக்கப்பட்டது. மொத்தம் பதினேழு காய்கள். பொருள்கள் விதிப்படி பயன்படுத்தப்படுகின்றனவா என்று காணச் சாட்சியாகச் சென்றேன். இரண்டு கைகள் போதவில்லை என்று கூறப்பட்டதால் ஒன்பது காய்களை நானே ஒடித்தேன்.

"அட, நல்லா ஒடிக்கிறீங்களே! கோர்ட்டுல இதுதான் செஞ்சீங்களா?"

"இல்லை. அங்கே வாய்தா வாங்கினேன்."

அவர் சிரித்தார். நான் நகைச்சுவைக்காகக் கூறவில்லை, உண்மையையே கூறினேன். ஆயினும் ஆட்சேபணை எழுப்பவில்லை.

ஒடித்த காய்களை ரிஸ்வானாவுக்கும் சேர்த்து மூன்றாகப் பங்கிட்டு வீட்டிற்கு எடுத்துச் சென்றோம். முருங்கைக்காய்ச் சாம்பார். சிறுவாணித் தண்ணீர் இன்று வந்தது. எல்லாக் குடங்களையும் நிரப்பினேன்.

25 செப்டம்பர், வியாழன்

இன்று நான் படியேறி வரும்போது ஒலிப்பதிவு அறையின் கதவு திறந்து, பூங்கோதை அவர்கள் என் கால்களையே பார்த்தார்.

"ஏனுங்க வக்கீல் சார், இந்த ஷூ எங்க வாங்குனீங்க?"

வழக்கறிஞராகப் பதிவு செய்த ஆண்டில் ஒப்பணக்கார வீதியில் வாங்கியது. இருமுறை அடித்தோல் மாற்றப்பட்டது என்று தெரிவித்தேன்.

"மூணு நாளா பேயோட காலடிக்குத் தேடிட்டு இருக்கேன். கட்டை செருப்பு, பூட்ஸு, எதுவும் சரியா வரலை. நீங்க நடக்குறதுல ஒரு இது இருக்குது. வரலாமா வேண்டாமா, வரலாமா வேண்டாமான்னு. அதுக்குத்தான் ஜனங்க பயப்படுவாங்க."

அறையில் மரப்பலகை விரித்து, அதன்மேல் ஒன்றரை மணி நேரம் நடந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து அவர் கையசைத்து ஆணையிட்டார். "மெதுவா... கதவுகிட்ட வந்துட்டீங்க... நில்லுங்க... கதவத் தட்டலாமான்னு யோசிங்க... சூப்பருங்க சார்! இந்த யோசிக்கறது இருக்குது பாருங்க, அதான் அசல் பேய்!"

ஆகவே, வெளியாகவிருக்கும் ஆட்டத்தில் மூன்று பேய்கள் நிற்கும்போதெல்லாம் என் காலடியும் அதைத் தொடர்ந்து அவரது அலறலும் கேட்கும். இவ்வரிசை வடிவமைப்பு நிமித்தமானது.

ஆண் பேய் ஒன்றுக்கும் குரல் வேண்டுமென்று என்னை அலறச் சொன்னார். முயன்றேன். பதிவைத் திரும்ப ஒலிக்கவிட்டுக் கேட்டபின் அவர் கூறியது:

"சார், இது அலறல் இல்லீங்க. வாய்தா கேக்கறீங்க."

26 செப்டம்பர், வெள்ளி

ஆய்வு நிமித்தம் இருபது சுழற்சிகள். பதினான்காவதில் மூன்று பேய்கள். காலடி, கதவு, அலறல். நான் கைதட்டியதாகக் கூறப்படுகிறது.

மேற்கொண்டு ஆய்வு தேவைப்பட்டதால் நாற்பது.

27 செப்டம்பர், சனி

ஆய்வு, வீட்டில். நூற்றுப் பத்து. பேய் மும்முறை வந்தது. குக்கரில் பருப்பு தீய்ந்தது.

30 செப்டம்பர், செவ்வாய்

நாளை விடுமுறையாதலால் ஆயுதபூசை இன்றே அலுவலகத்தில் நடந்தது. கணினிகள் அனைத்திற்கும் சந்தனம், குங்குமம். ரிஸ்வானா தம் விசைப்பலகைக்குத் தாமே பொட்டிட்டு, "ஸ்பேஸ் பார்ல குங்குமம் போயிருச்சு, இனி ஒரு மாசத்துக்கு ஒட்டும்" என்று அலுத்துக்கொண்டு பொரியைக் கைநிறைய அள்ளினார். நிறுவனர் நவநீதன் அவர்களின் கார் சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து நசுக்கப்பட்டது. நவநீதன் முப்பத்து நான்கு வயதினர். எக்காலமும் பனியன் போன்ற சட்டையே அணிபவர்.

நசுங்கிய எலுமிச்சையைச் சற்று நேரம் பார்த்திருந்தவர் திடீரெனத் துள்ளினார்.

"வக்கீல் சார்! நம்ம கேம்ல லெமன் சும்மாதான கிடக்குது?"

உண்மை. வெளிநாட்டு ஆட்டங்களில் எலுமிச்சை என்பது மிகக் குறைந்த மதிப்புடைய பழம். அந்த வழக்கப்படி இதிலும் இருந்தது.

"வெள்ளக்காரனுக்கு லெமன் ஜூஸு. நமக்கு அது காவலு. லெமன் வந்தா பேய் ஓடோணும் சார்! ஐயோன்னு கத்திட்டு ஓடோணும்! இதுக்கு ஒரு விதி எழுதுங்க, வேற எவன் கேம்லயும் இருக்காது."

எல்லோரும் ஆர்ப்பரித்தனர். பூங்கோதை அவர்கள் பேய் ஓடுவதுபோல் புடவைத் தலைப்பை விரித்து வராந்தா முழுதும் ஓடிக் காட்டினார். இளநீலப் புடவை.

3 அக்டோபர், வெள்ளி

விதி ஏழு இறுதி செய்யப்பட்டது: "எலுமிச்சை தோன்றியபின் பேய் வராது."

நான்கு சொற்கள். ஐயத்திற்கு இடமில்லை. என் பணிக்காலத்தில் இத்துணைச் செறிவான வாசகத்தை நான் வரைந்ததில்லை என்று கருதுகிறேன். ரிஸ்வானா ஒருமுறை படித்துவிட்டு, "இவ்ளோதானுங்களா சார்?" என்றார். இவ்வளவுதான் என்று கையொப்பமிட்டேன்.

புதிய சட்டை ஒன்று வாங்கினேன், இளநீலம். அலுவலக ஒழுங்கை முன்னிட்டு.

7 அக்டோபர், செவ்வாய்

நிகழ்ச்சிகள் மிகுந்த நாள். வரிசையாகப் பதிவு செய்கிறேன்.

காலை: பேய் ஓடும் அலறலுக்கான ஒலிப்பதிவு. பூங்கோதை அவர்கள் நாற்பத்தொரு முறை அலறினார். நாற்பத்தொன்றாவது முறையே நவநீதன் அவர்களுக்கு நிறைவளித்தது. மயில்சாமி கீழிருந்து கருப்பட்டிக் கடுங்காப்பி கொடுத்தனுப்பினார்.

பிற்பகல் நான்கு மணி பன்னிரண்டு நிமிடம்: விதி ஏழு சேர்க்கப்பட்ட புதிய பதிப்பை என் கணக்கில் திறந்தேன். ஆறாவது சுழற்சியில் எலுமிச்சை. குங்குமம் தெறித்தது, பேய் "ஐயோ!" என்று புடவையை அள்ளிக்கொண்டு ஓடியது. அலுவலகமே எழுந்து நின்று கூவியது. நவநீதன் என்னைத் தூக்க முயன்றார், பாதியில் கைவிட்டார்.

அம்மகிழ்ச்சியின் பொதுவான தாக்கத்தால், மாலை ஐந்தரை மணிக்குப் படிக்கட்டில் பூங்கோதை அவர்களிடம் பின்வருமாறு கூறினேன்: "தங்களுக்கு ஆட்சேபணை இல்லையெனில், எதிரேயுள்ள பேக்கரியில் தேநீர் அருந்தலாமா என வினவ விரும்புகிறேன்."

அவர் தொண்டையைத் தொட்டுக்கொண்டு, மிகத் தாழ்ந்த குரலில் விடையளித்தார். சொற்களை அப்படியே எழுதுகிறேன்: "இன்னிக்கு வேண்டாங்க சார்."

அழைப்பு நிராகரிக்கப்பட்டது. ஒருமுறை தீர்ப்பான பொருளை மறுபடி எழுப்புவது முறையன்று. இது தொடர்பாக இக்குறிப்பேட்டில் மேற்கொண்டு எதுவும் எழுதப்படாது.

8 அக்டோபர், புதன்

எரிவாயு உருளை பதிவு செய்தேன். அலுவலகத்திற்குப் பின்பக்கமாக இரும்புப் படிக்கட்டு ஒன்றும் உள்ளது. அது நெருக்கடிக் காலத்திற்கானது. அதையே பயன்படுத்தினேன்.

9 அக்டோபர், வியாழன்

நூற்று நாற்பது சுழற்சிகள். பேய் வரவில்லை.

13 அக்டோபர், திங்கள்

முந்நூற்று எண்பது. பேய் வரவில்லை. முப்பத்தெட்டுச் சுழற்சிகளுக்கு ஒருமுறை சராசரியாக வர வேண்டும் என்பது நிரல் ஆவணம். ஆந்தை வருகிறது, மண்டையோடு வருகிறது, ஒற்றைச் செருப்பு வேண்டிய மட்டும் வருகிறது. என் காலடி எங்கும் கேட்கவில்லை. அதைத் தொடர வேண்டியதும் கேட்கவில்லை.

15 அக்டோபர், புதன்

ரிஸ்வானாவிடம் பொதுப்படையாக விசாரித்தேன்.

"பேய் வருகிறதா?"

"எங்கீங்க சார்?"

"ஆட்டத்தில்."

"ஓ! பேஷா வருதுங்க சார். டெஸ்டர் பசங்க தினமும் புது அக்கவுன்ட் போட்டுத்தான டெஸ்ட் பண்றாங்க, காலைலயே ரெண்டு தடவை வந்துருச்சு. ஏனுங்க, உங்களுக்கு வரலீங்களா?"

ஆய்வின் உச்சவரம்பு நாளொன்றுக்கு இருபது என்று நானே ஆணை பிறப்பித்துள்ள நிலையில், ஏறத்தாழ எண்ணூறு சுழற்சிகளில் எனக்குப் பேய் வரவில்லை என்று எங்ஙனம் கூறுவது? "பொதுவாகக் கேட்டேன்" என்றேன்.

மற்றெல்லோருக்கும் வருகிறது. எனக்கு மட்டும் வரவில்லை. இதற்கு விதிப்புத்தகத்தில் விளக்கமில்லை.

17 அக்டோபர், வெள்ளி

இரும்புப் படிக்கட்டில் எதிரே பூங்கோதை அவர்கள் வந்தார்.

"ஏனுங்க சார், தீப்புடிச்சா எறங்குற படியில தெனமும் ஏறுறீங்களாமா? முன்னாடி படி என்ன பாவம் பண்ணுச்சு?"

உடற்பயிற்சி என்றேன்.

"நவம்பர் மூணாந்தேதி ஐதராபாத் போறேனுங்க. ஒரு படத்துக்கு சவுண்டு. கேள்விப்பட்டீங்களா?"

கேள்விப்பட்டேன் என்றேன். கேள்விப்பட்டிருக்கவில்லை. வாழ்த்துகள் என்றேன். அவர் இரண்டு படிகள் ஏறிவிட்டுத் திரும்பி, "உங்க நடை கொஞ்சம் மாறிப்போச்சுங்க சார். இப்பப் பதிவு பண்ணா பேய் ஆவாது. சும்மா கரண்டு பில்லு குடுக்க வர்றவரு மாதிரி இருக்குது" என்று கூறிச் சென்றார்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. எண்ணெய்க் குளியல். இளநீலச் சட்டை. அடுத்த வீட்டார் கொடுத்த அதிரசம் நான்கு. இருநூற்றுப் பத்துச் சுழற்சிகள். இல்லை.

24 அக்டோபர், வெள்ளி

இந்நாளை முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும். மகிழ்ச்சியாலா வெட்கத்தாலா என்பது பின்னர் தீர்மானிக்கப்படும்.

காலை ஒன்பது மணி. மயில்சாமி கடை வாசலில் முக்காலி போட்டு ஏறி, நிலையில் தொங்கிய எலுமிச்சை மிளகாய்ச் சரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பழம் சுருங்கிப் பழுப்பேறியிருந்தது. கீழே தட்டில் புதிய சரம்.

"ஏன் கழற்றுகிறீர்கள்?" என்று கேட்டேன். எங்கள் வீட்டில் இதைக் கட்டும் வழக்கமில்லை.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "வெள்ளிக்கு வெள்ளி மாத்தோணுமல்லங்க."

"ஏன்? ஒருமுறை கட்டினால் போதாதா?"

"அதெப்படீங்க போதும்? ஒரு வாரத்துக்குத்தானுங்க அதுக்குப் பவரு. ஒரே எலுமிச்சங்கா காலாகாலத்துக்கும் பேயத் தடுத்துப்போடும்னா, பேய் பொழைக்க வேண்டாமுங்களா?"

ஒரு நிமிடம் அங்கேயே நின்றேன். பின்னர் முன்பக்கப் படிக்கட்டில் ஓடினேன். நான் ஓடியதை இதற்கு முன் எவரும் கண்டதில்லை என்பதால் மயில்சாமி குழவியைக் கையிலெடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்.

விதி ஏழு. எலுமிச்சை தோன்றியபின் பேய் வராது. எத்தனை காலத்திற்கு? எழுதவில்லை. அச்சுழற்சியில் மட்டும் என்று நான் கருதினேன், எழுதவில்லை. எழுதாததை ஊகித்துச் சேர்க்கலாகாது என்று நானே கட்டளையிட்டேன். ஆகவே ஒரு கணக்கில் ஒருமுறை எலுமிச்சை வந்தால், அக்கணக்கில் உலகம் உள்ளளவும் பேய் வராது. நாள்தோறும் புதிய கணக்குத் தொடங்கிச் சோதிப்பவர்களுக்கு இது புலப்படாது. ஒரே கணக்கில் விடாது ஆடும் ஒருவனுக்கே புலப்படும்.

இதை வெளியிடுவது அந்த ஒருவன் யார் என்பதை வெளியிடுவதாகும். வெளியிடாவிடின், 31 ஆம் தேதி முதல் இவ்வாட்டத்தை ஆடுவோர் அனைவருக்கும் பத்து நிமிடத்திற்குப் பின் அந்த அலறல் ஒருபோதும் கேட்காது. பூங்கோதை அவர்கள் ஒன்றரை மாதம் உழைத்தது வீணாகும். நான் மூன்று நிமிடம் சிந்தித்தேன். பிறகு எல்லோரையும் கூட்ட அறைக்கு அழைத்தேன்.

"விதி ஏழில் பிழை உள்ளது. பிழை என்னுடையது" என்று தொடங்கினேன்.

ரிஸ்வானா மடிக்கணினியைத் திறந்து பார்த்தார். "ஆமாங்க சார். நீங்க எழுதுனதத்தான் அப்படியே போட்டிருக்கேன். அன்னிக்கே கேட்டேன், இவ்ளோதானுங்களான்னு."

"கேட்டீர்கள். ஒப்புக்கொள்கிறேன்."

"அது சரி," என்றார் நவநீதன், "டெஸ்டர் ஆறு பேருக்கும் தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது சார்?"

"ஆய்வின்போது."

"எத்தனை ஸ்பின்னுங்க?" இது ரிஸ்வானா. அவர் ஏற்கெனவே திரையில் என் கணக்கைத் திறந்துவிட்டிருந்தார் என்பது பிறகே தெரிந்தது.

"இன்று காலை வரை இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு."

மேசையில் தட்டத் தொடங்கியவர் யார் என்று தெரியவில்லை, எல்லோரும் தட்டினர். நவநீதன் நாற்காலியின் மேல் ஏறினார். "நாளொன்றுக்கு இருபதே உச்சவரம்பு!" என்று என் சுற்றறிக்கையை என் குரலிலேயே ஒருவர் வாசித்தார். வாசலில் நின்ற மயில்சாமி, ஒன்றும் விளங்காமலே, "வக்கீலுக்கு ஒரு ஓ போடுங்க" என்றார்.

பூங்கோதை அவர்கள் மட்டும் தட்டவில்லை. கன்னத்தில் கை வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேய் வர்றது நின்னுபோச்சுன்னு உங்களுக்கு எப்பங்க தெரிஞ்சுது?"

"ஏழாம் தேதி, செவ்வாய், பிற்பகல் நான்கு மணி பன்னிரண்டு நிமிடம் முதல் வரவில்லை."

"அதுக்கப்பறமும் ஆடிட்டே இருந்தீங்களா?"

"ஆம்."

"எதுக்குங்க?"

ஆய்வு நிமித்தம் என்று கூற வாய் திறந்தேன். அதற்குப் பதிலாக விதிப்புத்தகத்தைத் திறந்தேன். ரிஸ்வானா குனிந்து தம் விசைப்பலகையின் ஒட்டும் ஸ்பேஸ் பாரைத் துடைக்கத் தொடங்கினார்.

விதி ஏழு திருத்தப்பட்டது: "எலுமிச்சை தோன்றியபின், அச்சுழற்சியில் மட்டும், பேய் வராது. அடுத்த சுழற்சியில் வரலாம்."

மாலை நான்கரை மணி. என் கணக்கில் திருத்திய பதிப்பு. இருபத்திரண்டாவது சுழற்சியில் திரை இருண்டது. காலடி. வரலாமா வேண்டாமா. கதவு. அலறல்.

ஒலியைக் குறைக்கவில்லை.

27 அக்டோபர், திங்கள்

திருத்தப் பட்டியல் தயாரிக்கும்பொருட்டு இக்குறிப்பேட்டை முதலிலிருந்து சரிபார்த்தேன். அக்டோபர் ஏழாம் தேதிப் பதிவில் என் கண் நின்றது.

"இன்னிக்கு வேண்டாங்க சார்."

நான் அவ்விடையை "நிராகரிக்கப்பட்டது" என்று எழுதியுள்ளேன். விடையில் கால வரையறை உள்ளது. முதற்சொல்லே அது. என் கையால் எழுதி, மேற்கோள் குறியிட்டு, இருபது நாள்கள் அதைப் படிக்காதிருந்திருக்கிறேன். அதே பக்கத்தில், எட்டு வரி மேலே, அவர் அன்று நாற்பத்தொரு முறை அலறினார் என்பதும் என் கையெழுத்திலேயே உள்ளது.

இரண்டு வாசகங்கள், ஒரே வாரம். இருந்த கால வரையறையை ஒன்றில் நீக்கினேன். இருக்க வேண்டியதை மற்றொன்றில் சேர்க்கவில்லை. வழக்கறிஞர் மன்றம் இதை அறியவேண்டியதில்லை.

காலணிக்கு மெருகு போட்டேன். இருமுறை.

30 அக்டோபர், வியாழன்

பூங்கோதை அவர்கள் இன்றே பணியை முடித்துக்கொண்டார். நாளை மூட்டை கட்டுவதற்காக விடுப்பு. கேக் வெட்டப்பட்டது. கேக்கில் பேயின் முகம், கண்ணுக்குக் கருந்திராட்சை. விடைபெறும்போது என்னிடம், "பணி நிறைவுச் சான்றிதழ் இன்னும் குடுக்கலீங்களே சார்" என்றார். நாளை தயாராகிவிடும் என்றேன். அது காலை முதலே என் மேசை இழுப்பறையில் இருந்தது.

31 அக்டோபர், வெள்ளி

ஆட்டம் மாலை ஐந்து மணிக்கு வெளியாயிற்று. நான் அலுவலகத்தில் இல்லை. சான்றிதழை நேரில் ஒப்படைக்கும் பணி நிமித்தம் கணபதியிலுள்ள அவரது அடுக்ககத்திற்குச் சென்றிருந்தேன். தபாலில் அனுப்பியிருக்கலாம். தபாலில் தாமதம் ஏற்படக்கூடும்.

மூன்றாம் மாடி, மின்தூக்கி பழுது. படிகளில் ஏறினேன். வெறுமையான படிக்கட்டில் காலணியோசை மிகுதியாகவே எழுந்தது. நடைகூடத்தின் கோடியில் அவரது கதவு. நிலையின் மேல் எலுமிச்சை மிளகாய்ச் சரம். வெள்ளிக்கிழமையாதலால் பழம் புதியது, பச்சை மாறாதது.

கதவுக்கு இரண்டடி முன்னால் நின்றேன். தட்டலாமா என்று சிந்தித்தேன். விதி ஏழு திருத்தப்பட்டுவிட்டது என்பதை எனக்கே நினைவூட்டிக்கொண்டேன். ஓரடி முன்வைத்தேன். நின்றேன்.

உள்ளிருந்து அலறல் எழுந்தது.

முழு அலறல், நாற்பத்தொன்றாவதற்கு ஈடானது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. மேல்மாடியிலிருந்து ஒருவர் கரண்டியுடன் எட்டிப் பார்த்தார். அவர்கள் அனைவரும் கதவின் முன் நின்ற என்னையே பார்த்தனர். சட்டப்படி என் நிலை மிகவும் பலவீனமானது.

அப்போது நான் செய்ததற்கு முன்னுதாரணம் ஏதும் இல்லை. நானும் அலறினேன்.

கதவு திறந்தது. பூங்கோதை அவர்கள், தலையில் தூசுக்குத் துண்டு கட்டி, கையில் பொதி கட்டும் நாடாவுடன், சிரிப்பை அடக்க இயலாமல் நிலையைப் பற்றிக்கொண்டு நின்றார்.

"ரெண்டாவது மாடி திரும்பறப்பவே தெரியுமுங்க. ஒரு மாசமா அந்தக் காலடிய வெட்டி வெட்டி ஒட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா?" பிறகு அண்டை வீட்டாரை நோக்கி, "ஒண்ணுமில்லீங்க, ஆபீஸ் வேலை" என்றார்.

"இந்த நேரத்துல என்ன ஆபீஸு!" என்று கரண்டிக்காரர் உள்ளே போனார்.

சான்றிதழை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை.

"பூங்கோதை அவர்களே, ஏழாம் தேதி தாங்கள் கூறியது..."

"இன்னிக்கு வேண்டாம்னேன். தொண்டையில ரத்தமே வந்துருச்சு சார், டீ எங்க எறங்கும்? என்னிக்குமேவா வேண்டாம்னேன்? மறுநாளே கேப்பீங்கன்னு முன்படியில நின்னேன். நீங்க பாட்டுக்குத் தீயணைப்பு வண்டியாட்டம் பின்படியில போறீங்க!"

பிழை என்னுடையது என்றேன். இரண்டாவது முறையாக.

"சரி, இப்பக் கேளுங்க."

கேட்டேன். குரல் சட்டைக்கு மட்டுமன்றி எதிர்வீட்டுக்கும் கேட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

அவர் எலுமிச்சைச் சரத்தைக் கையால் ஓரமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, "குனிஞ்சு வாங்க, தலையில இடிக்கும்" என்றார்.

பின்வருவன பதிவு செய்யப்படுகின்றன. என் அலறல் வாய்தா கேட்கும் தொனியில் இல்லை என்று அவர் உறுதிப்படுத்தினார். ஐதராபாத் பணி மூன்று மாதங்கள் மட்டுமே. அதற்குக் கால வரையறை உண்டு. பாத்திரங்கள் மூட்டையில் சென்றுவிட்டதால் தேநீர் ஒரே தம்ளரில், மாறி மாறி. கைபேசியில் நவநீதன் பதினோரு முறை அழைத்திருந்தார். ஆட்டம் நன்றாகப் போகிறதாம், வெளிநாடுகளில் எல்லோரும் அலறுகிறார்களாம்.

மீண்டும் தேநீர் அருந்தச் சம்மதம் பெறப்பட்டது. எத்தனை காலத்திற்கு என்று வாசகத்தில் குறிப்பிடப்படவில்லை. இம்முறை நான் திருத்தவில்லை.